விடுதிக்குக் கும்பாபிஷேகம் எப்போது?

நமது நாட்டில் ஒரு கோவில் கோபுரத்தின்மேல் ஒரு சிறு அரசஞ்செடி முளைத்துவிட்டால் போதும். அதைப் பார்த்து ஊர் முழுவதும் கவலைப்பட ஆரம்பித்துவிடும். திருப்பணிக் கமிட்டி ஏற்படும். ரசீதுப் புஸ்தகம் அச்சாகும். வியாபாரி கொடுப்பார், மிராசுதார் கொடுப்பார், அன்றாடம் கூலிக்குப் போகிறவனும் தன் பிள்ளைக்கு வாங்க வைத்திருந்த காசை எடுத்துக் கொடுப்பான். பன்னிரண்டு வருஷத்திற்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்று சாஸ்திரம் சொல்லுகிறதாம். செய்யாவிட்டால் ஊருக்கு ஆகாதாம். சிதம்பரம் நடராஜர் கோவிலுக்கு 2015-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தபோது அந்த ஊரில் கால் வைக்க இடமில்லாமல் ஜனங்கள் கூடினதை எல்லோரும் அறிவார்கள்.

ஆனால் ஐந்நூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு மாணவர் விடுதியின் மொட்டை மாடியில் அதே அரசஞ்செடி முளைத்து, அதன் வேர் சுவரைப் பிளந்து, ஐப்பசி மழையில் பிள்ளைகளின் பாயின்மேலும் புஸ்தகத்தின்மேலும் தண்ணீர் சொட்டினால் அதற்காகக் கவலைப்படுகிறவர் யார்? எந்த ஊரில் அதற்குக் கமிட்டி ஏற்பட்டது? எந்த சாஸ்திரம் விடுதிக்கு இத்தனை வருஷத்திற்கு ஒரு தடவை மராமத்து செய்யாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று சொல்லிற்று? கல்லின்மேல் ஒழுகினால் பாவம், பிள்ளையின்மேல் ஒழுகினால் விதி என்பதுதான் நம் மக்களின் நியாயமாயிருக்கிறது.

இதை நாம் சொல்ல வேண்டிய காரணம் என்னவென்றால், நம் நாட்டுக் கல்லூரிகளில் ஜஸ்டிஸ் கட்சி காலத்திலும் அதை அடுத்தும் கட்டப்பட்ட மாணவர் விடுதிகளுக்கெல்லாம் இன்று எண்பது, தொண்ணூறு வயதாகிவிட்டது. அவைகளைப் புதுப்பிப்பதா, இடித்துவிட்டு வேறு கட்டுவதா என்கிற பேச்சு அங்கங்கே அடிபடுகின்றது. இப்பேச்சில் இரண்டு கட்சியார் இருக்கிறார்கள். ஒரு கட்சியார், "புராதனக் கட்டடம், ஒரு செங்கல்லையும் தொடாதே" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "பழைய கட்டடம், ஒரு செங்கல்லையும் மிச்சம் வைக்காதே" என்கிறார்கள். முதற் கட்சியாரில் பெரும்பாலோர் அக்கட்டடத்தில் ஒரு இரவாவது படுத்தவர்கள் அல்லர். இரண்டாங் கட்சியாரில் பெரும்பாலோர் புதுக் கட்டடத்தின் கண்டிராக்டுக்காகக் காத்திருப்பவர்கள். நாம் இவ்விரு கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்ல. பழசு என்பதற்காகவே ஒன்றைக் கும்பிடுவது எப்படி மூடத்தனமோ, அப்படியே பழசு என்பதற்காகவே ஒன்றை இடிப்பதும் மூடத்தனமேயாகும். பகுத்தறிவுக்காரன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது யாருக்கு, எதற்காகக் கட்டப்பட்டது? அக்காரியத்தை இது இன்னும் செய்கிறதா?

சிதம்பரத்தின் சங்கதி

இதைப் பேசுவதற்குச் சிதம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. நந்தன் என்கிற ஒரு பறையர் சாமி பார்க்க வேண்டும் என்று வந்ததற்கு, நெருப்பில் மூழ்கி வந்தால்தான் உள்ளே விடலாம் என்று கடவுளே சொன்னதாகப் புராணம் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பெருமையாகவும் பாடுகிற ஊர் அது. அதே ஊரில், அதே நந்தன் பெயரால், சுவாமி சகஜானந்தர் 1916-ல் ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். கிராமத்திலிருந்து வரும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தங்குவதற்கும் உண்பதற்கும் வழி செய்தார். அவர் ஆஸ்திகர், காவி கட்டியவர். நாம் அக்கொள்கை உடையவர்கள் அல்ல. ஆனாலும் நெருப்பில் குளித்தால் மோட்சம் என்று சொன்ன ஊரில், குளிக்கத் தண்ணீரும் படிக்க விளக்கும் கொடுத்தால் போதும், மோட்சம் வேண்டியதில்லை என்று காரியத்தில் காட்டியவர் அவர் என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியாது.

பிறகு, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் ஏற்படுத்திய மீனாட்சி கல்லூரியானது 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. அது வெறும் பரீட்சை நடத்தும் பல்கலைக்கழகமாயில்லாமல், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாக ஏற்பட்டது. ஆகவே அங்கு விடுதி என்பது கல்லூரிக்கு ஒட்டுத் திண்ணை அல்ல. விடுதிதான் பல்கலைக்கழகத்தின் பாதி. அண்ணாமலைநகரில் படித்துப் பின்னால் இயக்கத்திற்கு வந்த நெடுஞ்செழியன், அன்பழகன் முதலியவர்களையும், கடலூரிலிருந்து போய்ப் படித்த வீரமணியையும் நாடு அறியும். 1965-ஆம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி இந்தித் திணிப்பை எதிர்த்துப் புறப்பட்ட மாணவர் கூட்டத்தின்மேல் போலீசார் சுட்டதில் இராஜேந்திரன் என்னும் மாணவர் மாண்டுபோனதும் இங்குதான். இவ்வளவு பேரும் பாடம் கேட்டது வகுப்பறையில்; ஆனால் ஒருவரோடு ஒருவர் விவாதம் செய்து, பத்திரிகை படித்து, "ஏன், எதற்கு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டது, எங்கும்போல இங்கும், அறைகளிலும் தாழ்வாரத்திலும் சாப்பாட்டுக் கூடத்திலுமேயாகும். வகுப்பறையில் ஆசிரியர் பேசுவார். விடுதியில்தான் மாணவன் பேசுவான்.

கூரை இல்லாதவனுக்குக் கல்வி இல்லை

ஒரு காலத்தில் கிராமத்துப் பிள்ளை ஒருவன் பட்டணத்துக்கு வந்து படிக்க வேண்டுமானால் எங்கே தங்குவான் என்பதே பெரிய கேள்வி. பார்ப்பனப் பிள்ளைக்குச் சத்திரமிருந்தது, சாப்பாடு இருந்தது. மற்றவர் பிள்ளைக்குத் தெருத்திண்ணைகூடக் கிடையாது. தஞ்சாவூர் ஜில்லாவில் அரசர்கள் விட்டுப்போன சத்திரங்களின் சொத்தெல்லாம் இப்படித்தான் ஒரு வகுப்பாருக்கே பயன்பட்டு வந்தது. ஏ. டி. பன்னீர்செல்வம் அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவராயிருந்தபோதுதான், ஒரத்தநாடு, இராஜாமடம் ஆகிய இடங்களில் பார்ப்பனரல்லாத பிள்ளைகளும் தங்கிப் படிக்க வழி ஏற்பட்டது. கட்டடம் பழைய கட்டடமே. சுவரும் பழைய சுவரே. உள்ளே யார் படுக்கலாம் என்பது மாத்திரம் மாறிற்று. அவ்வொரு மாறுதலால் எத்தனை குடும்பங்கள் தலையெடுத்தன என்பதை அந்தப் பக்கத்துக் கிழவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். உண்மையான புதுப்பித்தல் என்று நாம் சொல்லுவது அதைத்தான்.

இன்றைக்கு அந்த நிலை போய்விட்டதல்லவா என்று சிலர் கேட்கலாம். போகவில்லை. இன்றும் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவன் எந்த ஊரிலாவது வாடகைக்கு அறை கேட்டுப் போனால், பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு, கடைசியில் "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லி அனுப்புகிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவனை அப்படிக் கேட்காத கூரை விடுதி ஒன்றுதான். ஆகவே, மராமத்து என்று சொல்லி விடுதியை இரண்டு வருஷம் பூட்டிவிட்டு, "நீங்களே வெளியில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகளுக்கு நோட்டீஸ் கொடுப்பதானது, பணக்காரப் பிள்ளைக்கு ஒரு அசௌகரியம். ஏழைப் பிள்ளைக்கோ படிப்பு முடிந்துபோன கதை. பெண் பிள்ளையாயிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். போனால் அடுத்த மாதமே கல்யாணப் பேச்சு வந்துவிடும். கட்டடம் புதிதாகி வரும்போது அதற்குள் இருக்க வேண்டியவர்கள் காணாமற்போய்விட்டால், பிறகு அந்தப் புதுக் கட்டடம் யாருக்கு?

செங்கல்லுக்குள் இருக்கும் ஜாதி

பழைய கட்டடத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அதன் வளைவையும் தூணையும் மரப்படியையும் காட்டுவார்கள். நாம் அதன் பின்பக்கத்தைக் காட்ட ஆசைப்படுகிறோம். அக்காலத்தில் கட்டின பெரிய விடுதிகளில் எடுப்புக் கக்கூஸ்தான் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்தின் வழியாகத் தோட்டி வர வேண்டும். எவர் கண்ணிலும் படாமல் மலத்தைக் கூடையில் வாரிக்கொண்டு போக வேண்டும். வீட்டுப் பிளான் போட்ட என்ஜினீயரே ஒரு மனிதனை இன்னொரு மனிதன் பார்க்காமலிருப்பதற்காக வழி வகுத்துக் கட்டினார். சாஸ்திரத்தில் இருந்த வருணாசிரமம் காகிதத்தில் கோடாக இறங்கி, கோட்டிலிருந்து செங்கல்லாக ஏறிற்று. இதுதான் சங்கதி.

சாப்பாட்டுக் கூடத்தின் கதையும் அதுவேயாகும். தேச பக்தர்கள் பணத்தில், காங்கிரசிலிருந்து 5,000 ரூபாயும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதும், அதன்மேல் 1924, 1925-ல் எழுந்த கிளர்ச்சியும் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. கும்பகோணம் சர்க்கார் கல்லூரி விடுதியில் 1943-ல் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்ற மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை என்று வைத்திருந்ததை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்களாலேயே திராவிட மாணவர் கழகம் தோன்றிற்று. ஒரு மண்பானை ஒரு இயக்கத்தையே உண்டாக்கிற்று என்றால், அந்தப் பானைக்குள் எவ்வளவு விஷம் இருந்திருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியுமா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஒரு உணவுக் கூடத்தில், சைவக்காரருக்கு ஒரு வாசல், அசைவக்காரருக்கு ஒரு வாசல், கை கழுவுவதற்கும் தனித்தனி இடம் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்த பிறகு எடுக்கப்பட்டது. 2023-ல் பம்பாய் ஐ.ஐ.டி. விடுதியில் சைவத்துக்கு என்று மேஜைகள் ஒதுக்கப்பட்டு, அதை எதிர்த்தவர்கள்மேல் நடவடிக்கை எடுத்து ஒரு மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பானை போய் மேஜை வந்திருக்கிறது. மண் போய் எவர்சில்வர் வந்திருக்கிறது. சரக்கு ஒன்றுதான். எனவேதான், விடுதியைப் புதுப்பிக்கிறோம் என்று பிளான் போடும்போது எத்தனை அடுக்களை, எத்தனை பந்தி, எத்தனை வாசல் என்று முதலில் பார்க்க வேண்டும் என்கிறோம். ஒருவன் கீரை உண்ணலாம், ஒருவன் மீன் உண்ணலாம். அது அவனவன் நாக்கின் விஷயம். ஆனால் இருவரும் ஒரே கூடத்தில், ஒரே மேஜையில், ஒரே குழாயில் கை கழுவி உட்கார வேண்டும். அதற்கு இடங்கொடாத கட்டடம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இடிக்கத் தக்கதே.

பொறுப்பும் புத்தியும்

இனி, கட்டடத்தின் சங்கதிக்கு வருவோம். கடலூர் ஜில்லாவுக்குக் கடல் உண்டு, உப்புக் காற்று உண்டு. சிதம்பரமோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தாழ்ந்த பூமியில் இருக்கிறது. 2004-ல் சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தது. 2015-ல் பெருவெள்ளம் வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கத்தில் பெரியார் கலைக் கல்லூரி 1964 முதல் இருந்து வருகிறது. இப்படிப்பட்ட பிரதேசத்தில் எந்தக் கட்டடமும் அர்ச்சனையால் நிற்காது. பார்த்துப் பார்த்துச் செய்யும் மராமத்தினால்தான் நிற்கும்.

பழைய சுவர் சுண்ணாம்பினால் கட்டியது. அது மழைக் காலத்தில் ஈரத்தை இழுக்கும், வெயில் காலத்தில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, வழுவழுப்பான வர்ணத்தையும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு வருஷத்தில் பூச்சு பெயர்ந்து விழும். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லை நெருக்கி நிறுத்திச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளமும் அப்படியே. உத்திரத்தின் நடுப்பாகம் இரும்புபோல இருக்கும். அதன் தலை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரத்தால் இற்றுப்போயிருக்கும். அந்தத் தலையைத் தட்டிப் பார்க்காமல் கீழே வர்ணம் அடிக்கிறவன் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறவன். பின்னால் கட்டின கான்கிரீட் கட்டடங்களின் வியாதி வேறு. உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்குமாதலால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதனால் தொண்ணூறு வருஷச் சுண்ணாம்புச் சுவர் நன்றாயிருக்க, நாற்பது வருஷக் கான்கிரீட் கூரை விழுவதும் உண்டு. ஆகவே வயதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பரீட்சித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நல்ல சுவரை நிறுத்துங்கள். கெட்ட தளத்தை மாற்றுங்கள். உயிருக்கு ஆபத்தானதை ஒரு நாளும் தாமதியாமல் இடியுங்கள்.

அயல்நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டி முடித்த கட்டடத்தில் இன்றும் மாணவர்கள் தங்குகிறார்கள். அதைப் புனிதம் என்று பூட்டி வைத்துக் கற்பூரம் காட்டவில்லை. காலத்துக்கேற்ற வசதி செய்துகொண்டு உபயோகிக்கிறார்கள். அமெரிக்காவில் விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை ஜெபர்சன் இருநூறு வருஷத்துக்கு முன் கட்டினார் என்று புஸ்தகங்கள் சொல்லும். கட்டியவர்கள் உண்மையில் நீக்ரோ அடிமைகள். அவர் வகுத்த மாணவர் அறைகளில் இன்றும் மாணவர்கள் வசிக்கிறார்கள். ஆனால் அப்பல்கலைக்கழகத்தார், அங்கே உழைத்த அடிமைகளுக்கு 2020-ல் ஒரு நினைவுச் சின்னமும் கட்டி முடித்தார்கள். பழமையைக் காப்பாற்றுவதென்றால் அதன் பாவத்தையும் சேர்த்து எழுதி வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா? நம் விடுதிகளின் வாசலில் யார் திறந்து வைத்தார், எந்தப் பிரபு பணங் கொடுத்தார் என்ற கல்வெட்டு மாத்திரம் இருக்கிறது. செங்கல் சுமந்தவள் யார், அடுப்பு எரித்தவன் யார், பின் சந்தில் வந்து போனவன் யார் என்பதற்கு ஒரு கல்லும் இல்லை.

பெயர்ப்பலகை போதுமா?

2025-ஆம் வருஷம் ஜூலை 7-ந் தேதி தமிழ்நாடு சர்க்கார், தங்கள் நலத்துறைகளின்கீழ் நடக்கும் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் ஜாதிப் பெயரை நீக்கி, "சமூகநீதி விடுதிகள்" என்று பெயரிட உத்தரவிட்டார்கள். இவ்வகை விடுதிகள் 2,739; தங்கிப் படிப்பவர்கள் சுமார் 1,80,000 பேர். இதை நாம் மனதார வரவேற்கிறோம். பலகையில் ஜாதி இருக்கும்வரை அதன் கீழே நுழைகிற பிள்ளை தலைகுனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. ஆனால் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தை மாற்றுவதுதான் வேலை. "சமூகநீதி" என்று மேலே எழுதியிருக்க, கீழே கக்கூஸில் கதவில்லை, குழாயில் தண்ணீரில்லை என்றிருந்தால், அது அந்த வார்த்தையையே கேலி செய்வதாகாதா? அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 2013-ல் ஏற்பட்ட சட்டத்தால் சர்க்கார் பொறுப்புக்கு வந்துவிட்டது. ஆகவே, "கொடுத்தவர் கொடுத்தார், இருப்பது இருக்கிறது" என்று தர்மப் பிரபுவின் காலத்தில் சொன்ன சமாதானம் இனிச் செல்லாது. தர்மத்தில் கேட்கிறவன் பிச்சைக்காரன். வரிப் பணத்தில் கேட்கிறவன் உரிமைக்காரன்.

நாம் வேண்டுவது

விடுதி மராமத்து என்பது கக்கூஸிலும் குளியலறையிலும் அடுக்களையிலும் ஆரம்பித்து, முகப்பு வளைவில் முடிய வேண்டும். முகப்பில் ஆரம்பித்துப் பணம் தீர்ந்துபோனது என்று முடியக்கூடாது.

மலக்குழிக்குள் மனிதன் இறங்க வேண்டிய அவசியமில்லாதபடி, இயந்திரத்தினால் சுத்தம் செய்யத்தக்க விதமாக எல்லாவற்றையும் மாற்றிக் கட்ட வேண்டும். 1993-லும் 2013-லும் சட்டம் செய்தாகிவிட்டது. சட்டத்தைச் செங்கல்லில் எழுதினால்தான் நிற்கும்.

மராமத்து நடக்கும்போது ஒரு மாணவனையும் தெருவில் விடக்கூடாது. ஒரு பகுதியைக் காலி செய்து, மற்றப் பகுதியில் இடங்கொடுத்து, அதுவும் போதாவிட்டால் கல்லூரியே வாடகைக்கு இடம் பிடித்துக் கொடுத்து, வேலையை நடத்த வேண்டும்.

பெண்கள் விடுதியைப் புதுப்பிப்பது என்றால் மதிலை இரண்டு முழம் உயர்த்துவதும், சன்னலுக்குத் தகரம் அடிப்பதும் என்று அர்த்தமல்ல. அது ஜெயிலுக்குச் செய்கிற மராமத்து. பெண்களுக்கு வேண்டியது வெளிச்சமும் காற்றும், பூட்டில்லாத படிப்பறையும்.

வேலை ஆரம்பிக்கும்போது பூமி பூஜை, முடிந்ததும் கணபதி ஹோமம் என்று புகை போடுவதை நிறுத்தி, அந்தச் செலவில் ஒரு அலமாரிப் புஸ்தகம் வாங்க வேண்டும். எல்லா மதத்தாரும், மதமில்லாதவரும் வசிக்கும் சர்க்கார் கட்டடத்தில் ஒரு மதத்தின் சடங்குக்கு என்ன வேலை?

கடைசியாக, கோவிலுக்குப் பன்னிரண்டு வருஷக் கணக்கு என்றால், விடுதிக்கு ஐந்து வருஷக் கணக்கு வையுங்கள். ஐந்து வருஷத்திற்கு ஒரு தடவை தளம், சுவர், மின்சாரக் கம்பி, தண்ணீர், சாக்கடை இவ்வளவையும் என்ஜினீயர்கள் பரீட்சித்து, அதன் ரிப்போர்ட்டை விடுதி வாசலில் மாணவர்கள் படிக்கும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்று சர்க்கார் விதி செய்யட்டும். அந்தப் பரீட்சையில் மாணவர் பிரதிநிதிகளும், விடுதியில் வேலை செய்கிற சமையற்காரரும் துப்புரவுத் தொழிலாளரும் கூட இருக்கட்டும். எங்கே ஒழுகுகிறது என்பது மேஜையில் உட்கார்ந்திருப்பவரைவிட அவர்களுக்கே நன்றாய்த் தெரியும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். கோபுரத்துக்கு என்றால் எங்கிருந்தோ வருகிற பணம், பிள்ளைகளுக்கு என்றால் மாத்திரம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுகிறது என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பழைய மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் நல்ல நிலையில் இருக்கிறவர்கள் ஒரு காரியம் செய்யட்டும். தங்கள் ஊர்க் கோவில் திருப்பணிக்கு ரசீதுப் புஸ்தகம் வரும்போது, தங்களை மனிதனாக்கியது எந்தக் கூரை என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்து, பிறகு பையில் கையை விடட்டும். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இனி அடையப்போகும் எல்லா உயர்வும் ஜாதி கேட்காத அந்தக் கூரையின்கீழ் இருந்துதான் கிளம்ப வேண்டும். அதை ஒழுகவிடுகிற நாட்டுக்கு எத்தனை கும்பாபிஷேகம் செய்தாலும் விமோசனமில்லை.